ஸ்பேஸ் மவுஸ் திடீரென்று நின்றுபோனால்: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிக்கும் வழி

"அண்ணா, குமிழ் செத்துப்போச்சுங்ணா."

மாதம் இரண்டு முறையாவது இந்த ஃபோன் வந்துவிடும். கோவையில் பம்ப், வார்ப்பு அச்சு வரைகிற சில டிசைன் அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. வலது கையில் சாதா மவுஸ், இடது கையில் 3டிகனெக்‌ஷன் ஸ்பேஸ் மவுஸ் என்று பழகிவிட்டவர்களுக்கு இடது பக்கம் நின்றுபோனால் அன்றைக்கு வேலையே ஓடாது. திரையில் இருக்கும் முப்பரிமாண மாடலை நகர்த்தவும் சுழற்றவும் உதவும் குமிழ்தான் இந்த ஸ்பேஸ் மவுஸ். ஆனால் நான் பார்த்தவரை, நிஜமாகவே செத்துப்போன குமிழை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலும் குமிழ் நன்றாக இருக்கும். டிரைவரும் (குமிழைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருள்) டிசைன் மென்பொருளும் ஒன்றோடொன்று பேசுவதை நிறுத்தியிருக்கும். ஐந்து இலக்க விலை கொடுத்துப் புதிது வாங்குவதற்கு முன் இதை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

விண்டோஸ் 10, 11 கணினிகளை வைத்து எழுதியிருக்கிறேன். கம்பியுள்ள காம்பாக்ட், கம்பியில்லாத வயர்லெஸ், 15 பொத்தான் உள்ள ப்ரோ, இந்த மூன்றுதான் என் கைக்கு அதிகம் வருபவை. பழைய ஸ்பேஸ் நேவிகேட்டருக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

எதையும் தொடுவதற்கு முன்: இரண்டு நிமிடச் சோதனை

முதலில் கணினியை 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். 'ஷட் டவுன்' வேண்டாம். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயங்கிக்கொண்டிருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸ் தன் உள் நிலையை வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, மறுபடி போடும்போது அதையே எடுத்து விரித்துக்கொள்ளும். குழம்பிய டிரைவர் குழம்பியபடியே திரும்பி வரும். "நேத்து ராத்திரி ஆஃப் பண்ணிட்டுத்தானுங்ணா போனேன்" என்பார்கள். அது கணக்கில் சேராது.

அடுத்து, ஸ்டார்ட் மெனுவில் 3டிகனெக்‌ஷன் என்று தேடி, டிரைவரோடு வந்த வியூவரைத் திறங்கள். அதில் ஒரு மாடல் இருக்கும். குமிழை மெல்ல அழுத்தி, திருகி, சாய்த்துப் பாருங்கள்.

மாடல் அசைகிறதா? அப்படியானால் குமிழ், கம்பி, யுஎஸ்பி துளை, டிரைவர் நான்கும் சரி. கீழே 'டிசைன் மென்பொருளில் மட்டும் அசையவில்லை' என்ற பகுதிக்கு நேராகப் போங்கள். இந்த நேரத்தில் கம்பியைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருப்பது வீண் வேலை.

அசையவில்லையா? விளக்கைப் பார்த்து அடுத்த இரண்டு பகுதிகளில் ஒன்றுக்குப் போங்கள்.

வியூவர் கிடைக்கவில்லை என்றால் பிரவுசரில் நீளமான ஒரு பக்கத்தைத் திறந்துவைத்துக் குமிழைத் தள்ளிப் பாருங்கள். அமைப்புகளை யாரும் மாற்றாமல் இருந்தால் பக்கம் மேலும் கீழும் உருளும். அதுவும் உயிர் இருக்கிறது என்பதற்கு அடையாளம்தான்.

அறிகுறி: விளக்கே எரியவில்லை

காம்பாக்டில் குமிழின் அடியைச் சுற்றி நீல விளக்கு எரியும். அது இல்லையென்றால் மின்சாரம் போய்ச் சேரவில்லை என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

எங்கே செருகியிருக்கிறது என்று கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டே போய்ப் பாருங்கள். மேசைக்கு அடியில் எங்கோ ஒரு யுஎஸ்பி ஹப் இருக்கும், அதில் பென் டிரைவ், ஹெட்செட், லைசென்ஸ் டாங்கிள், ஃபோன் சார்ஜர் என்று ஒரு குடும்பமே தொங்கும். மானிட்டரின் பின்னால் இருக்கும் துளையில் செருகிவைப்பவர்களும் உண்டு. எல்லாவற்றிலிருந்தும் எடுத்து, சிபியு பெட்டியின் பின்பக்கம், மதர்போர்டிலேயே இருக்கும் துளையில் நேரடியாகச் செருகுங்கள். முன்பக்கத் துளைகளை நான் நம்புவதில்லை. தினமும் பென் டிரைவ் ஏறி இறங்கித் தளர்ந்துபோனவை அவை.

அப்படியும் விளக்கு வரவில்லை என்றால் வேறொரு கணினியில் செருகுங்கள். அதில் டிரைவர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, டிவைஸ் மேனேஜரில் பெயர் வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

அங்கேயும் இல்லையென்றால் கம்பியைச் சந்தேகப்படலாம். அடித்தட்டிலிருந்து கம்பி வெளிவரும் இடத்தை இரண்டு விரலால் பிடித்து லேசாக வளைத்துக்கொண்டே விளக்கைப் பாருங்கள். மின்னி மின்னி அணைந்தால் உள்ளே கம்பி முறிந்திருக்கிறது. காம்பாக்டின் கம்பியைக் கழற்றி மாட்ட முடியாது, அதனால் இது கைமருந்தில் தீராது. கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

வயர்லெஸ் வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஆன்-ஆஃப் சுவிட்ச். பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போனால் அது தானே நகர்ந்துவிடும். பிறகு பேட்டரி. கம்பி போட்டு அரை மணி நேரம் சார்ஜ் ஏற்றுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: ஃபோனோடு வரும் மலிவான கம்பிகள் சிலவற்றில் மின்சாரம் மட்டும்தான் போகும், தரவு போகாது. அதைப் போட்டால் சார்ஜ் ஏறும், கணினிக்குத் தெரியாது. மவுஸோடு வந்த கம்பியையே தேடி எடுங்கள்.

அறிகுறி: விளக்கு எரிகிறது, எந்த மென்பொருளிலும் அசைவில்லை

விளக்கு எரிந்தால் மின்சாரம் வருகிறது, அவ்வளவுதான். தரவு வருகிறதா என்பதை டிவைஸ் மேனேஜர்தான் சொல்லும்.

ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, 'ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்' பட்டியலை விரியுங்கள். 'எச்ஐடி கம்ப்ளையன்ட் மல்டி-ஆக்ஸிஸ் கண்ட்ரோலர்' என்று ஒன்று இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் பட்டியலைத் திறந்தே வைத்துக்கொண்டு குமிழின் கம்பியைப் பிடுங்குங்கள். பட்டியல் ஒரு முறை துள்ளி அந்தப் பெயர் மறையும், செருகினால் திரும்ப வரும். அதன் ப்ராப்பர்ட்டீஸில் 'டீட்டெயில்ஸ்' போய் 'ஹார்டுவேர் ஐடிஸ்' பார்த்தால் விஐடி (தயாரிப்பாளரின் அடையாள எண்) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் 256எஃப் என்று இருக்கும். பழைய ஸ்பேஸ் நேவிகேட்டரில் 046டி என்று வரும், அது லாஜிடெக்கின் எண். பழைய குமிழ்கள் அந்தக் குடையின் கீழ் இருந்த காலத்தில் வந்தவை, அதனால் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பெயரே வரவில்லை: கம்பியில் தரவு இழை போயிருக்கலாம், அல்லது துளை. மேலே சொன்ன சோதனைகளுக்குத் திரும்புங்கள்.

பெயர் வருகிறது, மேலே மஞ்சள் முக்கோணம் இருக்கிறது: வலது கிளிக் செய்து 'அன்இன்ஸ்டால் டிவைஸ்' கொடுத்து, குமிழைப் பிடுங்கி, ரீஸ்டார்ட் செய்து, வேறு துளையில் செருகுங்கள்.

பெயர் சுத்தமாக வருகிறது: டிரைவர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். டாஸ்க் மேனேஜரில் 'டீட்டெயில்ஸ்' பகுதிக்குப் போனால் '3டிஎக்ஸ்சர்வீஸ்' என்று ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் 'ஸ்டார்ட்அப்' பட்டியலைத் திறந்து 3டிகனெக்‌ஷன் முடக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கணினி மெதுவாக இருக்கிறது என்று யாராவது நல்லெண்ணத்தில் அந்தப் பட்டியலில் இருக்கும் எல்லாவற்றையும் முடக்கியிருப்பார்கள். கணினி வேகமாக எழும், குமிழ் எழாது.

ஓடிக்கொண்டிருந்தும் பயனில்லை என்றால் சுத்தமாக மறுபடி நிறுவுவதுதான் வழி. ஒழுங்கு முக்கியம்: டிசைன் மென்பொருளை மூடுங்கள், டிரைவரை நீக்குங்கள், குமிழைப் பிடுங்குங்கள், ரீஸ்டார்ட், தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிய டிரைவரை நிறுவுங்கள், கடைசியில் குமிழைச் செருகுங்கள். 'எல்லா டிரைவரையும் புதுப்பிக்கிறேன்' என்று வரும் இலவச மென்பொருள்களை இந்த வேலைக்குக் கிட்டேயே சேர்க்காதீர்கள்.

அறிகுறி: வியூவரில் சுழல்கிறது, டிசைன் மென்பொருளில் மட்டும் அசையவில்லை

எனக்கு வரும் ஃபோன்களில் பாதிக்கு மேல் இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

*சன்னல் (விண்டோ) முன்னால் இல்லை.* குமிழின் அசைவு, அந்த நேரத்தில் முன்னால் இருக்கும் சன்னலுக்குத்தான் போகும். இரண்டு திரை வைத்திருப்பவர்கள் ஒன்றில் எக்செல்லைக் கிளிக் செய்துவிட்டு, கண்ணை மற்றதற்குக் கொண்டுபோய்க் குமிழைத் திருகுவார்கள். மாடல் இருக்கும் இடத்தில் ஒரு முறை கிளிக் செய்யுங்கள். அதே போல் ஏதாவது ஒரு சிறு கேள்விப்பெட்டி மென்பொருளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பதிலுக்குக் காத்திருக்கலாம். எஸ்கேப் இரண்டு முறை தட்டுங்கள்.

*டிரைவருக்கு மென்பொருளை அடையாளம் தெரியவில்லை.* மாடலில் ஒரு கிளிக் செய்துவிட்டு, கீழே கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் 3டிகனெக்‌ஷன் குறியிலிருந்து அமைப்புகளைத் திறங்கள். மேலே எந்த மென்பொருளின் பெயர் தெரிகிறது என்று பாருங்கள். உங்கள் மென்பொருளின் பெயர் வந்தால் இருவருக்கும் அறிமுகம் ஆகியிருக்கிறது, பிரச்சினை அமைப்புகளில் இருக்கலாம். பொதுவான பெயர் ஏதாவது வந்தால் அறிமுகமே இல்லை. கீழே இருக்கும் மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும்.

*ஒன்று, நிர்வாகி உரிமை.* டிசைன் மென்பொருளின் குறியில் யாராவது 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று நிரந்தரமாக டிக் போட்டு வைத்திருந்தால், அது ஒரு படி மேலே உட்கார்ந்துகொள்ளும். டிரைவர் சாதாரணப் பயனராக ஓடிக்கொண்டிருக்கும். கீழே இருக்கும் நிரல் மேலே இருப்பதற்குச் செய்தி அனுப்புவதை விண்டோஸ் பாதுகாப்புக்காகத் தடுக்கும். குறியில் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், 'கம்பேட்டிபிலிட்டி' போய் அந்த டிக்கை எடுத்துவிட்டுத் திறந்து பாருங்கள்.

*இரண்டு, ஆட்-இன் (டிசைன் மென்பொருளுக்குள் சேர்ந்து ஓடும் துணை நிரல்) அணைந்திருக்கிறது.* சாலிட்வொர்க்ஸ் போன்றவற்றில் 'டூல்ஸ்' மெனுவில் 'ஆட்-இன்ஸ்' பட்டியல் இருக்கும். அதில் 3டிகனெக்‌ஷன் பெயரில் எது இருந்தாலும் இரண்டு பக்கமும் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இடது டிக் இப்போதைக்கு, வலது டிக் ஒவ்வொரு முறை திறக்கும்போதும். இடதை மட்டும் போட்டால் இன்று ஓடும், நாளை மறுபடி எனக்கு ஃபோன் வரும். மென்பொருள் ஒரு முறை தானாக மூடிக்கொண்டபின் ஆட்-இன்கள் அணைந்து கிடப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

*மூன்று, மென்பொருள் புதிது, டிரைவர் பழையது.* இதுதான் பெரிய காரணம். டிரைவரை நிறுவும்போது கணினியில் அப்போது என்னென்ன டிசைன் மென்பொருள் இருக்கிறதோ அவற்றைப் பார்த்துத்தான் இணைப்பு போட்டு வைக்கும். அதற்குப் பிறகு புது ஆண்டுப் பதிப்பு ஏற்றினால், அந்தப் பதிப்புக்கு இணைப்பு இருக்காது. பழைய பதிப்பில் குமிழ் ஓடும், புதியதில் ஓடாது. டிசைனர் குழம்பிப்போவார். மென்பொருளை மூடிவிட்டு டிரைவர் நிறுவியை மறுபடி ஓட்டினால் முடிந்தது. என் கணக்கில், புதுப் பதிப்பு ஏற்றுகிற நாளிலேயே டிரைவரையும் மறுபடி நிறுவிவிட்டால் அந்த வாரத்து ஃபோன்களில் முக்கால்வாசி குறைந்துவிடும்.

*வீட்டிலிருந்து வேலை பார்த்த மறுநாள்.* இதற்குத் தனிப் பத்தியே தரலாம். ஒரு தம்பி, திங்கள் முழுக்க வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் அலுவலகக் கணினிக்குள் நுழைந்து வேலை பார்த்தார். செவ்வாய் காலை வந்து உட்கார்ந்தால் குமிழ் அசையவில்லை. நான் போய் ரீஸ்டார்ட் செய்தேன், ஓடியது. அடுத்த செவ்வாயும் அதே கதை. மூன்றாவது வாரம்தான் திங்களையும் செவ்வாயையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். தொலைவிலிருந்து நுழைந்த அமர்வு சரியாக வெளியேறாமல் இருந்தால், டிரைவர் அந்தப் பழைய அமர்வையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். இப்போது அந்தத் தம்பி வீட்டில் வேலை முடிந்ததும் சன்னலை வெறுமனே மூடாமல் 'சைன் அவுட்' கொடுக்கிறார். மறந்துவிட்டால் காலையில் டாஸ்க் மேனேஜரில் 3டிஎக்ஸ்சர்வீஸை நிறுத்தி, ஸ்டார்ட் மெனுவிலிருந்து மறுபடி ஓட்டிக்கொள்கிறார். ரீஸ்டார்ட் தேவைப்படுவதில்லை.

தலைகீழ் ஆசையும் உண்டு: வீட்டில் இருக்கும் குமிழால் அலுவலகக் கணினியின் மாடலைத் திருப்புவது. சாதாரண ரிமோட் டெஸ்க்டாப்பில் அது தானாக நடக்காது. யுஎஸ்பியை அப்படியே மறுமுனைக்குக் கடத்தும் ஏற்பாடு வேண்டும். அது உங்கள் ஐடி ஆட்களின் வேலை, நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

*பிரவுசரில் ஓடும் டிசைன் மென்பொருள்.* ஆன்ஷேப் போன்றவை. இங்கே டிரைவர் உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு குட்டி சர்வரை நடத்தி, பிரவுசர் அதோடு பேசும். ஆன்டிவைரஸ், ஃபயர்வால், அலுவலக ப்ராக்ஸி (இணையப் போக்குவரத்தை இடையில் நின்று கடத்தும் சர்வர்) மூன்றில் எது குறுக்கே நின்றாலும் பேச்சு அறும். வீட்டு இணையத்தில் ஓடி அலுவலக இணையத்தில் ஓடவில்லை என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். உள்ளேயே பேசிக்கொள்ளும் 127-இல் தொடங்கும் முகவரிகளை ப்ராக்ஸியிலிருந்து விலக்கச் சொல்லுங்கள்.

*அமைப்புக் கோப்பு கெட்டுப்போனது.* மேலே எதுவும் பலிக்கவில்லை, ஆனால் அதே கணினியில் வேறொரு பயனர் பெயரில் நுழைந்தால் நன்றாக ஓடுகிறது என்றால் இதுதான். டிரைவரை நிறுத்திவிட்டு, உங்கள் பயனர் பெயருக்குள் ஆப்டேட்டா, ரோமிங், 3டிகனெக்‌ஷன், 3டிஎக்ஸ்வேர் என்று போனால் 'சிஎஃப்ஜி' என்ற கோப்புறை இருக்கும். அதை அழிக்க வேண்டாம், பெயரை மட்டும் மாற்றுங்கள். டிரைவரை ஓட்டினால் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த பொத்தான் அமைப்புகள் போய்விடும் என்பதால்தான் இதைக் கடைசியில் வைத்தேன்.

அறிகுறி: நகர்கிறது, சுழலவில்லை, அல்லது திசை மாறிப்போகிறது

இதில் பழுது என்பதே பெரும்பாலும் கிடையாது.

ப்ரோவில் சுழற்சியைப் பூட்டுவதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. விரல் பட்டுவிட்டால் மாடல் இடம் மாறும், பெரிதாகும், சிறிதாகும், சுழலாது. மறுபடி ஒரு முறை அழுத்தினால் சரி. மற்ற குமிழ்களிலும் இரண்டு பொத்தான்களில் ஒன்றுக்கு இதே வேலையைக் கொடுத்து வைத்திருக்கலாம்.

பொத்தான் காரணமில்லை என்றால் அமைப்புகளில் 'அட்வான்ஸ்டு' பகுதியைத் திறந்து ஒவ்வொரு அச்சுக்கும் எதிரே டிக் இருக்கிறதா, வேக அளவு அடிமட்டத்தில் கிடக்கிறதா என்று பாருங்கள். 'லாக் ஹொரைசன்' போட்டிருந்தால் மாடல் பக்கவாட்டில் உருளாது, அது அப்படித்தான். எந்த டிக் எப்படி இருந்தது என்று ஃபோனில் ஒரு படம் எடுத்துவிட்டு, இயல்பு நிலைக்குத் திரும்பும் பொத்தானை அழுத்துவது சுருக்கமான வழி.

2டி டிராயிங் தாளில் சுழலவில்லை என்று ஃபோன் செய்யாதீர்கள். காகிதத்தை எப்படிச் சுழற்றுவது? அங்கே நகர்த்தலும் பெரிதாக்கலும்தான்.

தலைகீழாகத் திரும்புகிறது என்றால் உங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவர் கேமராவைப் பிடித்திருப்பது போன்ற முறையை விரும்பியிருப்பார், நீங்கள் பொருளைக் கையில் பிடித்திருப்பது போன்ற முறைக்குப் பழகியவர். அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். ஷிஃப்டுக்கு ஒருவர் மாறி உட்காரும் மேசையில் ஆளுக்கொரு விண்டோஸ் பயனர் பெயர் கொடுத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் தினமும் சண்டை.

அறிகுறி: கை வைக்காமலே மாடல் தானாகச் சுற்றுகிறது

குமிழுக்குச் சுழியம் எது என்பது தெரியாமல் போயிருக்கிறது.

குமிழில் எதுவும் சாய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விசைப்பலகையின் ஓரம், டைரி, ஹெட்செட் கம்பி, ஏதாவது. பிறகு கம்பியைப் பிடுங்கி, பத்து எண்ணி, குமிழைத் தொடாமல் செருகுங்கள். மேசை சமமாக இருக்கட்டும். செருகும்போது குமிழில் கை இருந்தால் அந்தச் சாய்ந்த நிலையையே நடுநிலை என்று எடுத்துக்கொள்ளும். அமைப்புகளில் 'காலிபிரேட்' என்று இருந்தால் அதையும் ஒரு முறை கொடுங்கள்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் குமிழுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே இருக்கும் இடுக்கைப் பாருங்கள். ஆயுத பூசை முடிந்து விடுமுறை கழித்துத் திறந்த ஓர் அலுவலகத்தில் மாடல் மெல்ல இடது பக்கமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. லேத், டிரில்லிங் மெஷின், சிபியு, மானிட்டர், எதற்கும் குறை வைக்காமல் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். குமிழுக்கும் வைத்திருந்தார்கள், உச்சியில் அழகாக ஒரு பொட்டு. சந்தனம் கொஞ்சம் தண்ணியாக இருந்திருக்க வேண்டும். ஒரு பக்கமாக வழிந்து, இடுக்கில் இறங்கி, நான்கு நாளில் சிமென்ட் மாதிரி காய்ந்திருந்தது. குமிழைத் திருகிவிட்டால் மயிரிழை அளவுக்குத் திரும்பி வராமல் நின்றது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரிந்தது. கம்பியைப் பிடுங்கி, தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்து, பிளாஸ்டிக் பல்குத்தியால் சுரண்டி, காற்று பலூனால் ஊதி எடுத்தேன். பொடி பொடியாக விழுந்தது. செருகினோம், நின்ற இடத்தில் நின்றது. அடுத்த பூசைக்குப் பொட்டு அடித்தட்டின் ஓரத்துக்கு இறங்கிவிட்டது.

சுத்தம் செய்யும்போது தண்ணீர், எண்ணெய் கலந்த ஸ்ப்ரே, ஊசி மூன்றும் கூடாது. குமிழின் மேலிருக்கும் ரப்பர்ப் பூச்சு பிசுபிசுத்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம். துணியில்தான், குமிழின் மேல் ஊற்றக்கூடாது.

இடுக்கு சுத்தம், சமமான மேசை, மூன்று முறை செருகிப் பார்த்தாயிற்று, வேறு கணினியிலும் அதே பக்கமாக ஓடுகிறது என்றால் உள்ளே சுருள்வில்லோ உணரியோ போயிருக்கிறது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

அறிகுறி: நன்றாக ஓடி, இடையிடையே நின்றுவிடுகிறது

கம்பியுள்ளது சிறிது நேரம் தொடாமல் விட்டபின் நிற்கிறதா? மின்சாரம் சேமிக்கிறேன் என்று விண்டோஸ் அந்தத் துளையைத் தூங்கவைக்கிறது. டிவைஸ் மேனேஜரில் 'யுஎஸ்பி ரூட் ஹப்' ஒவ்வொன்றின் ப்ராப்பர்ட்டீஸிலும் 'பவர் மேனேஜ்மென்ட்' போய், இந்தச் சாதனத்தை அணைக்கக் கணினிக்கு அனுமதி என்ற டிக்கை எடுங்கள். பவர் பிளானில் 'யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்' இருப்பதையும் அணைத்துவிடுங்கள். மடிக்கணினியில் இது அடிக்கடி நடக்கும்.

வயர்லெஸ் விட்டு விட்டு ஓடுகிறதா? அதன் ரிசீவர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகிறது. யுஎஸ்பி 3.0 துளையும் அதில் மாட்டிய ஹார்டு டிஸ்கும் அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதைப் பற்றி ஓர் ஆவணம் வெளியிட்டிருக்கிறது. நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி ஒன்றை வாங்கி, ரிசீவரை இரும்புப் பெட்டியின் முதுகிலிருந்து மேசைமேல் கொண்டுவாருங்கள். எனக்குத் தெரிந்து இவ்வளவு மலிவாகத் தீரும் பழுது வேறில்லை. தீரவில்லை என்றால் வயர்லெஸ்ஸையே கம்பி போட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். கம்பியில் சரியாக ஓடினால் குற்றம் காற்றில்தான்.

அறிகுறி: குமிழ் சரி, பொத்தான்கள் மட்டும் வேலை செய்யவில்லை

பொத்தான் அமைப்பு ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி. ஒன்றில் வைத்தது மற்றதில் வராது. அந்த மென்பொருளை முன்னால் வைத்துக்கொண்டே அமைப்புகளைத் திறந்து பொத்தானுக்கு வேலை கொடுங்கள். எல்லா மென்பொருளிலும் ஒரே பொத்தான்தான் மக்கர் செய்கிறது என்றால் அது பொத்தானின் பழுது.

லினக்ஸில் பிளெண்டர், ஃப்ரீகேட் ஓட்டுபவர்களுக்கு ஒரு வரி: ஸ்பேஸ்நேவ்டி என்ற இலவச டிரைவர் ஓடுகிறதா என்று பாருங்கள், தயாரிப்பாளரின் டிரைவரும் அதுவும் சேர்ந்து ஓடினால் ஒன்றை நிறுத்துங்கள்.

எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும், யாரை

உங்கள் கணினியில் எதையும் நிறுவ உரிமை இல்லை, அல்லது ப்ராக்ஸி, ரிமோட் சம்பந்தப்பட்டது என்றால் அலுவலக ஐடி ஆளை முதலிலேயே கூப்பிடுங்கள்.

வியூவரில் ஓடுகிறது, ஆட்-இன் டிக் இருக்கிறது, டிரைவரைச் சுத்தமாக மறுபடி நிறுவியாயிற்று, வேறு பயனர் பெயரிலும் ஓடவில்லை: இப்போது டிசைன் மென்பொருளை விற்றவரின் உதவிப் பிரிவு. மூன்று எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்: மென்பொருளின் பதிப்பும் சர்வீஸ் பேக்கும், டிரைவரின் பதிப்பு, விண்டோஸின் பில்ட் எண். இல்லாவிட்டால் முதல் அரை மணி நேரம் அதைக் கேட்பதிலேயே போய்விடும்.

இரண்டு கணினிகளில், நேரடித் துளையில், விளக்கே வரவில்லை அல்லது மாடல் நிற்காமல் ஓடுகிறது: தயாரிப்பாளரின் வாரன்டி. குமிழின் வகையைப் பொறுத்து 2 அல்லது 3 ஆண்டு இருக்கும். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் வரிசை எண் இருக்கிறது, பில்லும் வேண்டும். அடியில் இருக்கும் ரப்பரை உரித்து ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தீர்கள் என்றால் வாரன்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

வாரன்டி முடிந்திருந்து கம்பி மட்டும் முறிந்தது என்றால், கை சுத்தமான எலெக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்துக் கம்பியை மாற்றச் சொல்லலாம். நான் இரண்டு முறை அப்படிச் செய்திருக்கிறேன், இரண்டும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உணரி, சுருள்வில் என்று உள்ளே போனால் செலவு செய்யாதீர்கள், புதிது வாங்கிவிடலாம்.

அனுப்புவதற்கு முன் குமிழும் வியூவரும் ஒரே படத்தில் தெரியும்படி இருபது விநாடி ஃபோனில் வீடியோ எடுத்துவையுங்கள். சர்வீஸ் மேசையில் போய் உட்கார்ந்ததும் இந்தக் குமிழ்கள் ரொம்ப நல்ல பிள்ளையாக ஓடும்.